மாமா பார்த்த பனிச்சறுக்கு

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, என் வகுப்பில் படித்த ஒரு பெண் பிள்ளை பெப்ரவரி விடுமுறை முடிந்து, முகம் முழுக்க வெயிலில் பழுப்பாகவும் பனிக்கண்ணாடி மறைத்த கண்களைச் சுற்றி மட்டும் வெள்ளையாகவும் திரும்பி வந்தாள். பெற்றோருடன் எங்கோ ஒரு மலைக்குப் போய்ப் பனிச்சறுக்குப் பழகி வந்திருந்தாள். ஆசிரியை அவளை வகுப்பின் முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார். நாங்கள் தரையில் சம்மணம் போட்டு அண்ணாந்து பார்த்தோம். மலையைப் பற்றி அவள் சொன்னது எதுவும் என் மனதில் நிற்கவில்லை. கண்களைச் சுற்றியிருந்த அந்த வெள்ளை வளையங்கள்தான் எனக்கு வேண்டியிருந்தன. என் நிறத்துக்கு அப்படி வளையம் விழுமா என்று யோசிக்கும் வயதல்ல அது.

அன்று மாலை, லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"கால் முறிக்கிறதுக்கு ஆராவது பிளேன் ஏறிப் போவினமோ?" என்றார். அத்தோடு அவரைப் பொறுத்தவரை கதை முடிந்தது.

நான் அழத் தொடங்கினேன். அப்போதுதான் மாமா வேலை முடிந்து உள்ளே வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதற்கு முந்திய வருடம்தான் எங்களிடம் வந்து சேர்ந்தவர். முன்னறையில் இருந்த நீளக் கதிரைதான் அவருடைய படுக்கை. ஸ்ட்ரெதமில் ஒரு கடையில் சாமான் அடுக்கும் வேலை செய்தார். லண்டனுக்கு வருமுன் ஒரு பனிக்காலம் முழுவதும் சுவிஸில் இருந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமியும் அவர்களின் மகளான என் மச்சாளும் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். சண்டை நடக்கும் இடம் என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மச்சாளைப் பற்றித் தெரிந்தது, அவள் என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள் என்பது மட்டும்தான். அதையும் அவள் எனக்குச் செய்த ஒரு அநியாயமாகவே நினைத்திருந்தேன்.

மாமா என் பக்கத்தில் குந்தி, "என்ன மருமகள், ஏன் அழுறீர்?" என்றார். என்னை எப்போதும் மருமகள் என்றுதான் கூப்பிடுவார். பெரிய மனுசிக்குக் கொடுக்கும் மரியாதையோடு, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சொன்னேன்.

"இவ்வளவுதானோ? நான் பழக்கிறன். சுவிஸிலை நான் பார்க்காத ஸ்கீயோ?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கேட்ட எங்கள் காதுகளில்தான் பிழை. மறுநாளே பள்ளிக்கூடத்தில் என் மாமா சுவிஸ் மலையில் பெரிய சறுக்குவீரர் என்று அறிவித்துவிட்டேன். வெள்ளை வளையக்காரி நம்பவில்லை. அதனால் எனக்கு அவசரம் கூடியது.

பயிற்சி முன்னறையில் தொடங்கியது. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் யாரோ போட்டிருந்த உடைந்த தொட்டில் ஒன்றிலிருந்து மாமா இரண்டு சட்டங்களைக் கழற்றி வந்தார். அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்து அவற்றை என் பள்ளிக்கூடச் சப்பாத்துகளோடு சேர்த்துக் கட்டினார். பிறகு எனக்கு முன்னால் நின்று, தன் கால்களை வைத்துக் காட்டினார்.

"பெருவிரல் ரெண்டும் கிட்ட வந்து கதைக்க வேணும். குதிக்கால் ரெண்டும் கோவிச்சுக்கொண்டு தள்ளி நிக்க வேணும். அப்பதான் பலகை நிக்கும். விளங்குதோ?"

"ஓம்."

"முன்னுக்குச் சாயும். பயந்தவைதான் பின்னுக்குச் சாய்வினம். பின்னுக்குச் சாய்ஞ்சா, பலகை உம்மை விட்டுட்டுத் தன்ரை பாட்டிலை போயிடும்."

மேட்டில் ஏறுவது எப்படி என்றும் காட்டினார். நண்டு மாதிரிப் பக்கவாட்டில், ஒரு காலுக்குப் பின் மற்றக் கால். நான் அந்தச் சட்டங்களோடு நண்டாகி, முன்னறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு டக்கு டக்கென்று போய் வந்தேன். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்பவர், பகலில்தான் தூக்கம். மூன்றாவது தரம் நான் சுவரை அடைந்தபோது இடுப்புச் சாரத்தைக் கையில் பிடித்தபடி கதவடியில் வந்து நின்றார். என் கால்களைப் பார்த்தார். மாமாவின் கால்களைப் பார்த்தார். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மாதான் குசினியிலிருந்து சத்தம் போட்டார்.

"தம்பி, உனக்கென்ன விசரோ? பிள்ளையை ஏமாத்திப் பேய்க்காட்டாதை."

"இல்லை அக்கா, உண்மையாத்தான். கூட்டிக்கொண்டு போறன்."

நகரத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு குன்றின் சரிவில் சறுக்குமிடம் ஒன்று இருப்பதாகக் கடையில் கூட வேலை செய்த ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் இருவரும் புறப்பட்டோம். அம்மா எனக்கு இரண்டு காற்சட்டை, இரண்டு சுவெற்றர், கம்பளித் தொப்பி எல்லாம் போட்டார். கையுறை இருக்கவில்லை. அப்பாவின் தடித்த காலுறைகளை இரண்டு கைகளிலும் முழங்கை வரை இழுத்துவிட்டார். நெற்றியில் விபூதி. மாமாவிடம் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. வெளியே நல்ல வெயில். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு பஸ் மாறினோம். வீதியெல்லாம் மரங்கள் பூத்து நின்றன. ஆனாலும் வீடுகள் முடியும் இடத்தில் எங்களுக்காக ஒரு மலை வெள்ளையாகக் காத்திருக்கிறது என்றுதான் நான் நம்பியிருந்தேன். இறங்கி, மேட்டுப் பாதையில் நடந்து, ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் அது தெரிந்தது. வீட்டு வாசலில் கால் துடைக்கப் போடுவோமே, அந்த முள்ளு முள்ளான கால்மிதியை யாரோ குன்று முழுக்க விரித்து வைத்தது போல இருந்தது. வெள்ளையென்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் மயிர்களின் மேல் குழாய்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தன. வீடு கூட்டும் தும்புத்தடி நனைந்தால் வரும் மணம் வந்தது. அதன்மேல் நாலைந்து பேர் 'சர்ர்' என்று சத்தம் வர இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, பனி எங்கை?"

மாமாவும் அதை முதல்முதலாகப் பார்க்கிறார். சாப்பாட்டுப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு சொன்னார்: "இது இங்கிலாந்துப் பனி, மருமகள். உருகாது."

அந்த விளக்கம் எனக்குப் போதுமாக இருந்தது.

சப்பாத்துக் கொடுக்கும் கொட்டிலில் ஒரு பெண் நின்றார். சிவப்பு மேற்சட்டை போட்டிருந்தார், கழுத்தில் விசில் தொங்கியது, உயரமானவர். அங்கே பழக்குபவர் அவர்தான். சின்னப் பிள்ளைகளைச் சறுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரோடுதான் விடுவோம், உங்களுக்குத் தெரியுமா என்று மாமாவிடம் கேட்டார். மாமாவின் ஆங்கிலம் அப்போது சாமான் பெட்டிகளில் எழுதியிருப்பதைத் தாண்டி அதிகம் போகாது.

"சுவிற்சர்லாந்து," என்றார் மாமா.

கேள்விக்குப் பதிலாக ஒரு நாட்டின் பெயரைச் சொன்னவரை அந்தப் பெண் மேலும் கீழும் பார்த்தார். அந்த நாட்டின் பெயருக்கு அங்கே மதிப்பு இருந்திருக்க வேண்டும். அவருக்கும் ஒரு சோடி பலகையைக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடப்பது, இரண்டு வாளிகளுக்குள் காலை விட்டுக்கொண்டு நடப்பது போலத்தான். நான் தடுமாறினேன், மாமா என்னைவிடத் தடுமாறினார். ஆனால் சரிவுக்கு வந்ததும் நாங்கள் நண்டுகளானோம். முன்னறையில் பழகிய வித்தை பலித்தது. சின்னப் பிள்ளைகளுக்கான கீழ்ச் சரிவில் பாதி உயரம் வரை பக்கவாட்டில் ஏறிவிட்டோம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மாமா என்னைத் தன் இரண்டு கால்களுக்கும் நடுவில் நிறுத்தி, பின்னாலிருந்து என் தோள்களைப் பிடித்துக்கொண்டார்.

"பெருவிரல் ரெண்டும்?"

"கதைக்க வேணும்!"

"குதிக்கால்?"

"கோவம்!"

"சரி, போவம்."

போனோம். என் பெருவிரல்கள் கதைத்தன. மாமாவுடையவை கதைக்கவில்லை. அவருடைய பலகைகள் இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை போல வெவ்வேறு திசையில் போகத் தொடங்கின. வேகம் கூடியது. கீழே மரவேலி எங்களை நோக்கி ஓடி வந்தது. எனக்கு அது விளையாட்டு என்றுதான் பட்டது. "இன்னும் கெதியா, மாமா!" என்று கத்தினேன். என் தோளைப் பிடித்திருந்த கைகள் திடீரென்று என் வயிற்றைச் சுற்றி இறுகின. அவர் என்னைத் தன் நெஞ்சோடு தூக்கி எடுத்துக்கொண்டு மல்லாக்காக விழுந்தார். அவருடைய முதுகும் ஒரு கையும் அந்த பிளாஸ்டிக் முட்களில் உரசிக்கொண்டு போயின. நான் அவர் மேல் சவாரி செய்தபடி வேலிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விசில் சத்தம் கேட்டது. சிவப்பு மேற்சட்டைக்காரி ஓடி வந்தார். முதலில் என்னைத் தூக்கி நிறுத்திக் கை கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். மாமாவின் கையில் தோல் உரிந்திருந்தது. கட்டைவிரல் அந்த விரிப்பின் ஓட்டை ஒன்றில் மாட்டி, ஒரு பக்கமாக வளைந்து வீங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண் கோபமாகத்தான் பேசினார்: சறுக்கத் தெரியும் என்றீர்களே, பிள்ளையை வேலியில் மோத விட்டிருப்பீர்களே. மாமா எழுந்து உட்கார்ந்து, நல்ல கையால் தன் கண்களைத் தொட்டுக் காட்டினார். "ஐ சீ," என்றார். "ஒன்லி சீ."

அந்தப் பெண்ணுக்கு விளங்கியதோ இல்லையோ, கோபம் தணிந்தது. மாமாவின் பலகைகளைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டார். மற்றக் கையால் என்னைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியால் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு மாமா தன் சொந்தச் சப்பாத்தில் சரிவின் அடியில் போய் நின்றார்.

அந்தப் பெண் என்னைத் திரும்ப மேலே ஏற்றினார். எனக்கு முன்னால் பின்புறமாகச் சறுக்கிக்கொண்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே கூட்டி வந்தார். இரண்டாம் தரம் ஒரு கையை விட்டார். அதற்குப் பிறகு, "இப்போது நீயாகப் போ, உன் ஆள் அங்கே நிற்கிறார் பார்," என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்.

கீழே மாமா குந்தியிருந்தார். இரண்டு கைகளையும் அகல விரித்திருந்தார், ஒரு கையில் கைலேஞ்சி.

"வாங்கோ," என்று கூப்பிட்டார். "வாங்கோ குஞ்சு. பயப்பிடாதேங்கோ. அப்பிடியே வாங்கோ, என்ரை குஞ்சு."

என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. புதுப் பேராக இருந்தது, எனக்குப் பிடித்தும் இருந்தது. நான் முன்னுக்குச் சாய்ந்தேன். காதுக்குள் காற்று அடித்தது. பலகைகள் 'சர்ர்' என்றன. உலகத்தில் யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை. அந்த உணர்வு இன்றும் என் முழங்கால்களில் இருக்கிறது. பெருவிரல்களைக் கதைக்க வைத்தேன். வேகம் குறைந்து, நேராக அவருடைய கைகளுக்குள் போய் நின்றேன்.

மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அவருடைய மேற்சட்டை ஈரமாக இருந்தது. என் தொப்பி கண்ணுக்குக் கீழே இறங்கி மூச்சு முட்டியது. எனக்கோ திரும்ப மேலே ஓட வேண்டும்.

"விடுங்கோ மாமா! நான் திரும்பப் போக வேணும்."

அவர் உடனே விட்டார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போம், போம், மருமகள்," என்றார். குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நான் நண்டாகி ஏறத் தொடங்கிவிட்டேன்.

மாலைவரை சறுக்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில் மேல்மாடியில் முன்னிருக்கை எங்களுக்குக் கிடைத்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அம்மா கட்டித் தந்த ரொட்டியை இருவரும் சாப்பிட்டோம். மாமா இடக்கையால் சாப்பிட்டார். அப்போதுதான் கேட்டேன்.

"மாமா, உங்களுக்கு ஸ்கீ தெரியுமோ?"

"தெரியாது."

"தெரியும் எண்டு சொன்னீங்கள்."

"பார்த்தனான் எண்டுதான் சொன்னனான்." சிரித்தார். பிறகு சொன்னார். சுவிஸில் அவருக்குக் கிடைத்தது மலையடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவு. "நாள் முழுக்கக் கை தண்ணிக்குள்ளை. கண் வெளியிலை. தேப்பன்மார் பின்பக்கமாப் போய்க்கொண்டு கையைப் பிடிச்சுக் கூட்டி வருவினம். சில பேர் காலுக்கு நடுவிலை வைச்சுக்கொண்டு வருவினம். எல்லாப் பிள்ளையளும் முதல் நாள் தேப்பனைப் பிடிச்சுக்கொண்டு கத்துங்கள். ரெண்டு மூண்டு நாள் போனா, கையைத் தட்டிப்போட்டு ஓடிடுங்கள்."

"நான் முதல் நாளே ஓடிட்டன்," என்றேன்.

"ஓம். நீர் கெட்டிக்காரி."

"என்னைக் குஞ்சு எண்டு கூப்பிட்டீங்கள். இனியும் அப்பிடிக் கூப்பிடுங்கோ."

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது வேறை ஆளின்ரை பேர்," என்றார். "உமக்கு மருமகள்தான் வடிவு."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டைவிரலைக் கண்டுவிட்டார். பஸ் கதவு நெரித்துவிட்டது என்று மாமா சொன்னார். அம்மா நம்பவில்லை. ஆனால் நோவெண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொண்டே, பஸ் ஓட்டுகிறவர்களை எல்லாம் திட்டினார். கொஞ்ச நாள் மாமாவால் பெட்டி தூக்க முடியவில்லை. அந்த நாட்களில் அவரே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் வந்தார். கண்களைச் சுற்றி வளையம் எதுவும் விழவில்லை. அதை மறந்தும் போனேன்.

அதற்குப் பிறகு நான் பலமுறை அந்தக் குன்றுக்குப் போனேன். மாமா ஒவ்வொரு முறையும் கூட வந்தார். பலகையை மட்டும் மீண்டும் தொடவில்லை.

மாமியும் மச்சாளும் லண்டனுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. விமான நிலையத்துக்கு நாங்களும் போயிருந்தோம். மாமா முடிவெட்டி, புதுச் சட்டை போட்டு, எல்லோருக்கும் முன்னால் போய்த் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விட்டுவிட்டு வந்தது இடுப்பளவுகூட வராத ஒரு குழந்தையை. தள்ளுவண்டிக்குப் பின்னால் வந்தது, அவருடைய தோளளவு உயரத்தில், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். மாமி அழுதார். மச்சாள் அழவில்லை. தாய்க்குப் பின்னால் அரைவாசி மறைந்து நின்று, "சுகமா இருக்கிறீங்களோ அப்பா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பது போல, மிகவும் மரியாதையாக.

அந்த வருடம் பூக்கள் வந்த காலத்தில் மாமா எங்கள் இருவரையும் குன்றுக்குக் கூட்டிப் போனார். மச்சாளுக்காக நல்ல கையுறைகள் வாங்கியிருந்தார். சிவப்பு மேற்சட்டைக்காரி அப்போது அங்கே இல்லை. வேறொரு இளைஞர் பழக்கினார். மச்சாளுக்கு ஆங்கிலம் இன்னும் வசப்படவில்லை. நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். அவள் எதையும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னபடி செய்தாள்.

பாதிச் சரிவில் அவள் விழுந்தாள். பலமான விழுகை. ஒரு பலகை கழன்று தனியே கீழே ஓடியது. நான் அவளிடம் போவதற்குள், மாமா வேலியைத் தாண்டி, அந்த வழுக்கும் விரிப்பில் நடைச் சப்பாத்தோடு தடுக்கித் தடுக்கி மேலே ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்க அவளுக்கு முன்னால் குந்தி, இரண்டு கைகளையும் நீட்டினார்.

மச்சாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு தன் கையை நிலத்தில் ஊன்றி, முழங்காலில் நின்று, தானாகவே எழுந்தாள்.

"பரவாயில்லை அப்பா," என்றாள். "எனக்கு ஏலும். நான் எல்லாம் தனியத்தான் பழகினனான்."

மாமா தலையாட்டினார். "ஓம், ஓம்," என்றார். கழன்று போன பலகையைக் கீழே போய் எடுத்து வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, வேலிக்குத் திரும்பி நடந்தார்.

எனக்கு மச்சாள்மேல் அன்று பெரிய மதிப்பு வந்தது. நான் முதல்முதலாக இங்கே வந்தபோது எத்தனை பேர் பிடிக்க வேண்டியிருந்தது! இவளைப் பாருங்கள், முதல் நாளே யாருடைய கையும் தேவைப்படாமல் எழுந்து நிற்கிறாள். மாமாவுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். கீழே அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். நான் அவரை நோக்கிக் கையசைத்து, சந்தோசமாகக் கத்தினேன்: "மாமா, பார்த்தீங்களோ? அவளுக்கு ஒருத்தரும் தேவையில்லை!"